பன்னிரண்டு பேரை வெளியே அனுப்பியது போதும்: நீதி அமைச்சர் டேவிட் லாமிக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு லார்ட் சான்சலர், நீதி அமைச்சர் டேவிட் லாமி அவர்களுக்கு,

மூன்று ஆண்டு அல்லது அதற்குக் குறைவான சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்ற வழக்குகளை இனி ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல அழைக்கப்படும் பன்னிரண்டு பொதுமக்கள், இல்லாமல் நீதிபதி ஒருவரே விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்தீர்கள். பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டுகளில் 80,000-ஐ நெருங்கும் வழக்குகள் தேங்கிக் கிடப்பதைக் காரணமாகச் சொன்னீர்கள். தேக்கம் உண்மைதான், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஜூரியைப் போன தடவை எங்கிருந்து வெளியே அனுப்பினார்களோ, அங்கே என்ன ஆனது என்று உங்கள் அமைச்சு இன்றுவரை மக்களிடம் கணக்குச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. மானநஷ்ட வழக்குகளைத்தான் சொல்கிறேன். அந்தக் கணக்கைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் லண்டனில் நீண்டகாலமாக ஒரு சிறிய தமிழ்ப் பத்திரிகை நடத்தியவன். மளிகைக் கடை வாசலில் இலவசமாக அடுக்கி வைப்பார்களே, அந்த மாதிரிப் பத்திரிகை. நகைக்கடை விளம்பரமும் கல்யாண மண்டப விளம்பரமும் அச்சுச் செலவைக் கட்டும். நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு முறை சட்டத்தரணியின் கடிதம் வந்து என் மேசையில் விழுந்தது. இன்னொரு முறை நானே ஜூரியாகப் போய் உட்கார்ந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் இது என்னை விடாமல் அரிக்கிறது.

முதலில் சட்டம் எப்படி மாறியது என்று சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் தமிழர்கள் பலருக்கு இது தெரிந்திருக்காது. 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மானநஷ்ட வழக்கில் ஜூரி கேட்பது உரிமை. ஏராளமான ஆவணங்களையோ கணக்குகளையோ அறிவியல் விஷயங்களையோ நீண்ட நேரம் ஆராய வேண்டியிருந்து, அதை ஜூரியோடு செய்வது வசதிப்படாது என்றால் மட்டும் நீதிமன்றம் மறுக்கலாம். 2013-ஆம் ஆண்டு மானநஷ்டச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இதைத் தலைகீழாக்கியது. 2014 ஜனவரி 1 முதல் ஜூரி இல்லாத விசாரணைதான் வழக்கம். 'நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிட்டால் தவிர' என்று கடைசியில் ஒரு வாசகம் மட்டும் மிஞ்சியது. எப்போது வேறு விதமாக உத்தரவிடலாம் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

அந்த வாசகத்தை நம்பிப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? 2014-இல் நாடாளுமன்ற உறுப்பினர் டிம் இயோ, டைம்ஸ் பத்திரிகை நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். பத்திரிகை ஜூரி கேட்டது. அரசியல்வாதி ஒருவரின் நேர்மை பற்றிய வழக்கு, ஊர் மக்கள் தீர்ப்புச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வழக்கு எது? நீதிபதி வார்பி மறுத்துவிட்டார். நீதிபதி என்றால் தீர்ப்புக்குக் காரணம் எழுதுவார், ஜூரி எழுதாது, வழக்கையும் முன்கூட்டியே ஒழுங்குபடுத்தலாம், செலவும் குறையும் என்பது அவர் சொன்னதன் சாரம். பிறகு நடிகர் லாரன்ஸ் ஃபாக்ஸ் ஜூரி கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார். அவருக்கும் கிடைக்கவில்லை. அவருடைய அரசியலுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எனக்குப் பிடிக்காதவருக்கு மூடிய கதவு எனக்கு மட்டும் திறக்கும் என்று நினைக்க நான் என்ன குழந்தையா? ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் வழக்கு, கால்பந்து வீரர்களின் மனைவிமாரான வர்டி - ரூனி வழக்கு, பத்திரிகையாளர் கரோல் கட்வாலடர் மீது தொழிலதிபர் ஏரன் பேங்க்ஸ் போட்ட வழக்கு, ஒவ்வொன்றையும் ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவர்தான் விசாரித்தார்.

சரி, இதில் எனக்கு என்ன வந்தது?

எங்கள் பத்திரிகைக்கு வாசகர் ஒருவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஒரு பொது அமைப்பின் கட்டட நிதிக்குச் சேர்த்த காசுக்குக் கணக்கு எங்கே என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான். லண்டன் தமிழர்களின் எந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போனாலும், வடைக்கும் தேநீருக்கும் நடுவே ஒருவர் எழுந்து இதே கேள்வியைக் கேட்பார். கேட்காவிட்டால்தான் கூட்டம் நடந்த மாதிரியே இருக்காது. நாங்கள் அதை வாசகர் பக்கத்தில் போட்டோம். அடுத்த இதழ் அச்சுக்குப் போவதற்குள், அந்த அமைப்பில் செல்வாக்குள்ள ஒருவரின் சட்டத்தரணிகளிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. தலைப்பிலேயே தடித்த எழுத்தில் 'அந்தரங்கமானது, பிரசுரத்துக்கு அல்ல' என்று போட்டிருந்தார்கள். எங்கள் கடிதம் அவரைத் திருடன் என்று சொல்கிறதாம். மன்னிப்பு, மீண்டும் எழுத மாட்டோம் என்ற உறுதிமொழி, நட்டஈடு, அவர்கள் கடிதம் எழுதிய செலவு, எல்லாம் இரண்டு வாரத்துக்குள் வேண்டும்.

தெரிந்தவர் மூலமாக ஒரு சட்டத்தரணியைப் பிடித்து விளக்கம் கேட்டேன். பொறுமையாகத்தான் சொன்னார். இப்படியொரு எழுத்துக்கு மூன்று விதமாகப் பொருள் கொள்வார்களாம். இவர் குற்றம் செய்தார் என்பது ஒன்று. செய்திருப்பார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் உண்டு என்பது இரண்டாவது. விசாரித்துப் பார்க்கக் காரணம் உண்டு என்பது மூன்றாவது. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதில்தான் வழக்கின் தலையெழுத்தே இருக்கிறதாம். முதல் படி என்று முடிவானால், திருட்டை நிரூபிக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. எந்தப் படி என்று யார் முடிவு செய்வார் என்று கேட்டேன். ஆரம்பத்திலேயே ஒரு நீதிபதி தனியாக முடிவு செய்வார், அதற்கென்றே ஒரு விசாரணை வைப்பார்கள் என்றார். ஜூரி கேட்கலாமா என்றேன். 'கேட்கலாம், கிடைக்காது, கேட்ட செலவும் உங்கள் தலையில்தான் விழும்' என்றார். நாங்கள் மன்னிப்புப் போட்டோம். கணக்குக் கேட்டவர் அதற்குப் பிறகு எங்களோடு கதைப்பதில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எங்கள் கடிதம் தமிழில் இருந்தது, அதனால் ஜூரிக்குப் புரியாது என்று யாராவது சொல்லலாம். நீதிபதியும் மொழிபெயர்ப்பைத்தான் படிப்பார். அந்த விஷயத்தில் இருவரும் ஒன்றுதான்.

இப்போது ஜூரிப் பக்கத்துக்கு வருகிறேன். கிழக்கு லண்டனில் ஒரு கிரவுன் கோர்ட்டில் குற்ற வழக்கொன்றுக்கு ஜூரியாக இருந்தேன். அறைக்குள் என்ன கதைத்தோம் என்பதை வெளியே சொல்வது குற்றம், அதனால் சொல்லப் போவதில்லை. காத்திருக்கும் மண்டபத்தில் பார்த்ததைச் சொல்லலாம். பஸ் சாரதி ஒருவர் இருந்தார். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே இருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர், கைபேசியை விட்டுக் கண்ணெடுக்காத பல்கலைக்கழகப் பையன் ஒருவன், ஹிஜாப் அணிந்த கணக்காளர் ஒருவர். சத்தியம் செய்யும் நேரம் வந்தபோது, நீதிமன்றப் பணியாளர் துணியில் சுற்றி வைத்திருந்த கீதையை எனக்கு எடுத்து நீட்டினார். எனக்கு முன்னால் நின்றவருக்குக் குர்ஆன். எனக்குப் பின்னால் நின்றவர் எந்தப் புத்தகமும் வேண்டாம் என்று அட்டையில் இருந்ததை மட்டும் வாசித்தார். இவர்களில் ஒருவருக்கும் மானநஷ்டச் சட்டம் தெரியாது. ஆனால் பேஸ்புக்கில் கோபத்தில் எழுதிய ஒரு வரியை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டால், அந்த மண்டபத்தில் பதில் தெரியாத ஆள் இருந்திருக்க மாட்டார்.

நீதிபதிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

2012-இல் ஒரு பெண், தன் முன்னாள் கணவரைப் பற்றி அவருடைய புதிய துணையின் பேஸ்புக் பக்கத்தில், 'அவர் என் கழுத்தை நெரிக்கப் பார்த்தார்' என்று எழுதினார். முன்னாள் கணவர் வழக்குப் போட்டார். நீதிபதி தனியாக விசாரித்தார். அவர் செய்த முதல் வேலை ஆக்ஸ்போர்டு அகராதியை எடுத்துப் பார்த்தது. அதில் கழுத்தை நெரிப்பதற்கு இரண்டு விளக்கம் இருந்தது, ஒன்று நெரித்துக் கொல்வது, மற்றது வலிக்கும்படி நெரிப்பது. கழுத்து வலிக்கும்படி நெரித்தது நடந்துமுடிந்த விஷயம், அதைப் 'பார்த்தார்' என்று ஏன் சொல்ல வேண்டும், ஆகவே கொல்ல முயன்றார் என்றுதான் அவள் சொல்கிறாள் என்று முடிவு கட்டினார். கொல்ல நினைத்ததற்கு நிரூபணம் இல்லை, அதனால் அந்தப் பெண் தோற்றார். சம்பவம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து வந்த பொலிஸார் அவர் கழுத்தில் சிவந்த அடையாளங்களைக் கண்டிருந்தார்கள் என்பது வழக்கிலேயே இருந்தது! மேன்முறையீட்டு நீதிமன்றமும் முடிவை மாற்றவில்லை. 2019 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. பேஸ்புக்கில் ஆட்கள் வேகமாக உருட்டிக்கொண்டே போவார்கள், ஒவ்வொரு வரியிலும் நின்று அகராதி புரட்ட மாட்டார்கள், அந்த வரியைப் படிக்கும் சாதாரண ஆள் கழுத்தைப் பிடித்தார் என்றுதான் எடுத்துக்கொள்வார் என்று சொன்னது. ஸ்டாக்கர் வழக்கு என்று உங்கள் அதிகாரிகளைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அந்த மண்டபத்தில் இருந்த தாதியிடம் கேட்டிருந்தால் பின்னுவதை நிறுத்தாமலே பதில் சொல்லியிருப்பார். உச்ச நீதிமன்றம் வரை போய் வர வேண்டியிருந்திருக்காது.

இரண்டாவது, அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் வழக்கு. 2008-இல் அவர் கார்டியன் பத்திரிகையில், முதுகெலும்பை அழுத்திச் செய்யும் கைரோபிராக்டிக் வைத்தியத்தால் குழந்தைகளின் சில நோய்கள் தீரும் என்று சொல்வதற்கு ஆதாரமில்லை என்று எழுதினார். பிரித்தானிய கைரோபிராக்டர்கள் சங்கம், பத்திரிகையை விட்டுவிட்டு அவர் மேல் மட்டும் வழக்குப் போட்டது. 2009-இல் நீதிபதி ஈடி தனியாக உட்கார்ந்து பொருள் சொன்னார். சங்கம் தெரிந்தே மக்களை ஏமாற்றுகிறது என்று சிங் எழுதியிருக்கிறாராம். அதை நிரூபிக்கச் சிங்கால் எப்படி முடியும்? அப்படி நினைத்து எழுதவும் இல்லை என்றார் மனிதர். 2010 ஏப்ரல் 1-ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பொருளை மாற்றியது, இரண்டு வாரத்துக்குள் சங்கம் வழக்கைக் கைவிட்டது. இந்த வழக்கில் எழுந்த கோபம்தான் மானநஷ்டச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற இயக்கத்தை ஊதிப் பெருக்கியது. அந்த இயக்கத்தின் பலன்தான் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதாவது, தனி நீதிபதி ஒருவர் ஒரு கட்டுரையைத் தப்பாக வாசித்ததால் கிளம்பிய கோபத்தின் முடிவில், எல்லாக் கட்டுரைகளையும் தனி நீதிபதிகளே வாசிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வைத்தியத்துக்குப் போனவனுக்கு வியாதியையே மருந்தாகக் கொடுத்த கதை.

நீதிபதிகள் இதில் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. பொருள் பற்றிய விசாரணைக்கு முன் இரண்டு பக்க வாதத்தையும் பார்க்காமல், கட்டுரையை மட்டும் தனியாக ஒருமுறை வாசித்து முதலில் மனதில் பட்டதைக் குறித்துக்கொள்வார்களாம். நல்ல பழக்கம்தான். 'நியாயமான சாதாரண வாசகர்' எப்படி வாசிப்பார் என்று கற்பனை செய்வதற்காக அப்படிச் செய்கிறார்கள். நிஜமான சாதாரண வாசகர்கள் பன்னிரண்டு பேர் அரச செலவில் தெருவுக்குத் தெரு கிடைக்கும்போது, படித்த ஒருவர் எதற்காகச் சிரமப்பட்டு அவர்களைக் கற்பனை செய்ய வேண்டும்?

இந்தச் சண்டை இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1784-இல் வேல்ஸ் நாட்டுச் சென்ட் அசாஃப் தேவாலயத்தின் டீன் (தலைமைக் குரு), ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டதற்காகக் கூண்டில் நிறுத்தப்பட்டார். அதை எழுதியவர் அவருடைய மைத்துனர் சர் வில்லியம் ஜோன்ஸ். ஆமாம், கல்கத்தாவுக்கு நீதிபதியாகப் போய் ஆசியக் கழகத்தைத் தொடங்கிய அதே ஜோன்ஸ்தான். நீதிபதி புல்லர் ஜூரியிடம், இவர் வெளியிட்டாரா என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், அது அவதூறா இல்லையா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். டீனுக்காக வாதாடிய தாமஸ் எர்ஸ்கின் விடவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 1792-இல், சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் கொண்டுவந்த சட்டம், அவதூறா இல்லையா என்பதையும் சேர்த்து முழுத் தீர்ப்பையும் ஜூரியே சொல்லலாம் என்று ஆக்கியது. அது குற்ற வழக்குக்கான சட்டம். குற்றவியல் அவதூறு என்பதே 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்துவிட்டது, அது நல்லதுக்குத்தான். ஆனால் எழுத்தின் பொருளை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு 1792-இல் கிடைத்த பதில், 2014-இல் சத்தமில்லாமல் புல்லர் பக்கம் திரும்பிவிட்டது.

ஜூரி செய்த கூத்துகளையும் நானே சொல்லிவிடுகிறேன். 1989-இல் யோர்க்ஷயர் தொடர் கொலைகாரனின் மனைவிக்கு, பிரைவேட் ஐ பத்திரிகை 6 லட்சம் பவுண் கொடுக்க வேண்டும் என்றது ஜூரி. கடைசியில் அது 60,000-இல் முடிந்தது. அதே ஆண்டு, ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக வரலாற்று எழுத்தாளர் நிகோலாய் டால்ஸ்டாய் ஆல்டிங்டன் பிரபுவுக்கு 15 லட்சம் பவுண் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. அந்தத் தொகை கருத்துச் சுதந்திரத்தையே மீறுகிறது என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 1987-இல் நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான ஜெஃப்ரி ஆர்ச்சருக்கு டெய்லி ஸ்டார் 5 லட்சம் பவுண் கொடுத்தது. 2001-இல் அதே ஆர்ச்சர், அந்த வழக்கில் பொய் சொன்னதற்காக நான்கு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். (ஆர்ச்சரின் மனைவி சாட்சிக் கூண்டில் மணம் வீசினாரா என்று ஜூரியைப் பார்த்து உருகியவர் நீதிபதி என்பதையும் மறக்கக் கூடாது. அன்றைக்கு மயங்கியது ஜூரி மட்டும் இல்லை.)

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆர்ச்சரைத் தவிர மற்றதெல்லாம் தொகையில் வந்த தவறு. தொகைக்கு மருந்து அப்போதே இருந்தது. 1975-லேயே ஃபால்க்ஸ் குழு, எவ்வளவு காசு என்பதை நீதிபதியிடம் விட்டுவிடலாம் என்று பரிந்துரைத்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஜூரி சொன்ன தொகையை மேன்முறையீட்டில் மாற்றும் அதிகாரத்தைக் கொடுத்தது. அதன்படி எல்டன் ஜானுக்கு ஜூரி கொடுத்த 3,50,000 பவுண் 75,000 ஆகக் குறைந்தது. அவுஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் இன்றும் அவதூறா, தற்காப்பு நிற்குமா என்பதை ஜூரி சொல்கிறது, தொகையை நீதிபதி தீர்மானிக்கிறார். பக்கத்திலேயே இப்படி ஒரு வழி இருந்தும், தொகையில் தவறு செய்தார்கள் என்பதற்காகப் பன்னிரண்டு பேரையும் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எல்லா வழக்குக்கும் ஜூரி வேண்டும் என்பதும் என் வாதம் இல்லை. 2000-இல் வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது டேவிட் இர்விங் போட்ட வழக்கை இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு நீதிபதி கிரேயிடமே விட்டார்கள். ஆவண மலை அது. யூதப் படுகொலையை மறுக்க இர்விங் சான்றுகளை எப்படித் திரித்தார் என்று பத்தி பத்தியாக எழுதிய அந்தத் தீர்ப்பை ஒரு ஜூரியால் தந்திருக்கவே முடியாது. ஜூரி 'இல்லை' என்று மட்டும் சொல்லியிருந்தால் இர்விங்கின் ஆட்கள் இன்றுவரை அதற்கு வேறு கதை கட்டிக்கொண்டிருப்பார்கள். டெப்பின் கதையும் எனக்குத் தெரியும். லண்டனில் 2020-இல் நீதிபதி நிக்கல் விரிவாகக் காரணம் எழுதி டெப்பின் வழக்கைத் தள்ளினார். 2022-இல் வர்ஜீனியாவில், நேரடி ஒளிபரப்புக்கும் சமூக ஊடகக் கூத்துக்கும் நடுவே, ஜூரி அவர் பக்கம் சாய்ந்தது. இதைக் காட்டி ஜூரியே வேண்டாம் என்பவர்கள் உண்டு. லண்டனில் இப்படியொரு விசாரணைக்குள் கேமராவுக்கு இடமில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

செலவு குறையும் என்ற வாதத்தையும் பார்ப்போம். வர்டி - ரூனி வழக்கில் ஜூரி இல்லை. முக்கியமான கைபேசி வட கடலில் விழுந்துவிட்டது என்ற கதையை நம்பாமல் இருப்பதற்கு நீதிபதிக்கும் சிரமம் இருக்கவில்லை, பஸ் சாரதிக்கும் இருந்திருக்காது. தோற்ற வர்டி, ரூனியின் செலவில் 90 விழுக்காட்டைக் கட்ட வேண்டும், முதல் தவணையே 8 லட்சம் பவுண். மலிவாக்கிய இலட்சணம் இது.

மெக்டொனால்ட்ஸ் வழக்கை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ் என்ற கையில் காசில்லாத இரண்டு பேர் மேல் அந்த நிறுவனம் வழக்குப் போட்டது. சட்ட உதவி கிடையாது. அவர்கள் ஜூரி கேட்டார்கள். உணவும் நோயும் பற்றிய அறிவியல் ஜூரிக்குச் சிக்கலாகிவிடும் என்ற நிறுவனத்தின் வாதத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வழக்கு 1994-இலிருந்து 1996 வரை 313 நாள் நடந்தது. குழந்தைகளை விளம்பரத்தால் சுரண்டுகிறார்கள், சம்பளம் குறைவு என்று பிரசுரம் சொன்ன சிலதை நீதிபதி பெல் உண்மை என்று ஏற்றுக்கொண்டு, மற்றதுக்காக 60,000 பவுண் கட்டச் சொன்னார். 2005-இல் ஸ்ட்ராஸ்பர்க், இது நியாயமான விசாரணையே இல்லை என்றது. சட்ட உதவி மறுத்ததுதான் முக்கியக் காரணம். ஆனால் அந்த இருவரும் முதல் நாளிலிருந்தே கேட்டது தங்களைப் போன்ற சனங்களை.

எங்கள் சனங்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2009-இல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஒரு தமிழ் இளைஞர் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார். வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். நாங்கள் வேலை முடிந்து நேரே அங்கே போவோம். சில மாதம் கழித்து, அவர் இரகசியமாகப் பர்கர் சாப்பிட்டார் என்று டெய்லி மெயிலும் சன்னும் எழுதின. வேலைத்தலத்தில் என் மேசையில் யாரோ பர்கர் சுற்றிய கடதாசி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வைத்தவரைத் தேட எனக்கு மனம் வரவில்லை. அந்த இளைஞர் மானநஷ்ட வழக்குப் போட்டார். 2010-இல் இரண்டு பத்திரிகைகளும் செய்தி பொய் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டன, இரண்டும் சேர்ந்து 77,500 பவுண் கொடுத்தன. வழக்கு ஜூரி வரை போகவில்லை. ஆனால் அப்போது ஜூரி உரிமை இருந்தது. பட்டினி கிடந்தவனை ஒளித்துத் தின்றவன் என்று எழுதிவிட்டு, பன்னிரண்டு லண்டன்வாசிகளின் முகத்தைப் பார்த்து அதற்கு நியாயம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அந்தப் பத்திரிகைகளின் சட்டத்தரணிகள் யோசித்திருக்க மாட்டார்களா?

அமைச்சர் அவர்களே, இதையெல்லாம் உங்களுக்குச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. 2017-இல் உங்கள் பெயரில் வந்த ஆய்வறிக்கையை நான் படித்திருக்கிறேன். கறுப்பின, ஆசியச் சனங்கள் நீதித்துறையின் படிக்குப் படி எப்படிப் பாரபட்சத்தைச் சந்திக்கிறார்கள் என்று எழுதிய நீங்களே, ஜூரித் தீர்ப்புகளில் மட்டும் இனத்தால் வித்தியாசம் தெரியவில்லை என்றும் எழுதினீர்கள். பலவிதமான ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் முன்முடிவை மற்றவர் கேள்வி கேட்பதால் அது சாத்தியமாகிறது என்றும் விளக்கினீர்கள். அந்த அறிக்கையை எழுதியவரிடம்தான் கேட்கிறேன்.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைத் திருத்துங்கள். எப்போது ஜூரி தர வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதுங்கள். வழக்குப் போடுபவர் அமைச்சராகவோ நாடாளுமன்ற உறுப்பினராகவோ பொலிஸ் அதிகாரியாகவோ பெரிய நிறுவனமாகவோ இருந்து, வழக்கை எதிர்கொள்பவர் ஜூரி கேட்டால், அது கிடைக்க வேண்டும். யார் பொய் சொல்கிறார் என்பதே வழக்கின் மையமாக இருந்தாலும் அப்படியே. ஆவண மலை வழக்குகளுக்கு 1981-இல் வைத்த விலக்கை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. தொகையை நீதிபதியிடமே விடுங்கள்.

எழுத்தின் பொருளைத் தீர்மானிக்கும் ஆரம்ப விசாரணைக்கு ஜூரியை அழைக்க வழி செய்யுங்கள். அந்த விசாரணைக்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்காது. பொருள் முன்கூட்டியே தெரிந்தால் வழக்கு சுருங்கும் என்று நீதிபதிகள் சொல்லும் நன்மையும் கெடாது. அரை நாள் வேலைக்குப் பன்னிரண்டு பேரைக் கூப்பிடுவது வீண் என்று உங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். ஸ்டாக்கர் வழக்கு 2019 வரை இழுத்த செலவை அவர்களிடம் கேளுங்கள்.

காசுள்ளவர் கடிதம் அனுப்பி வாயடைக்கும் வழக்குகளுக்கு எதிராக 2023-இல் கொண்டுவந்த பாதுகாப்பு, பொருளாதாரக் குற்றம் பற்றி எழுதுபவர்களுக்கு மட்டும்தான். அதை எல்லா மானநஷ்ட வழக்குக்கும் விரியுங்கள். எங்களைப் போன்ற சின்னப் பத்திரிகைகள் வழக்கு வரைக்கும் போவதே இல்லை, கடிதத்தோடு கதை முடிந்துவிடுகிறது.

கடைசியாக, 2014 ஜனவரி 1-இலிருந்து எத்தனை மானநஷ்ட வழக்குகளில் ஜூரி கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, மறுத்ததற்கு என்ன காரணம் என்ற விபரத்தை உங்கள் அமைச்சு வெளியிட வேண்டும். பொருள் பற்றிய எத்தனை தீர்ப்புகள் மேன்முறையீட்டில் கவிழ்ந்தன என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். குற்ற வழக்குகளில் ஜூரியைக் குறைக்கும் உங்கள் திட்டத்துக்கு உறுப்பினர்கள் இறுதி வாக்குப் போடுவதற்கு முன்பே, அந்த விபரம் நாடாளுமன்றத்தின் மேசைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
லண்டனில் வாழும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காரன்